பேக்கேஜுக்குள் ஆறு அங்குலம்

அத்தியாயம் 4

பிணம் இல்லாத கேஸை எடுக்காதீர்கள் என்று மேடத்திடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டிய பிறகு காணாமல்போன ஒரு வைரமாவது வேண்டாமா? போன மாதம் ஒருவர் வந்து, பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடித்துத் தரச் சொன்னார். கண்டுபிடித்துக் கொடுத்தோம். மறு வாரமே மனிதர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது அதையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

"ஒரு சமையலறையோட விலையைக் கண்டுபிடிச்சுத் தரணும்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள்.

நான் என் பேனாவை மூடினேன். மேடம் தன் பேனாவைத் திறந்தார்.

மேடம் இருபத்தாறு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா என்று சோதிப்பதுதான் வேலை. கடை எரிந்துவிட்டது என்று எவனாவது அழுதுகொண்டு வந்தால் சாம்பலைப் பார்க்க மாட்டார். எரிவதற்கு முந்தின வாரம் கடையிலிருந்து எதெல்லாம் வெளியே போனது என்று கேட்பார். பாதிப் பேர் அங்கேயே அழுகையை நிறுத்திவிடுவார்கள். ஓய்வு பெற்றதும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இந்த ஆபீசைத் திறந்தார். நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன்னால் ஆறு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி வாட்டர் ஃபில்டர் விற்றவன். பொய் எப்படிச் சொல்வார்கள் என்று தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார். இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வந்த அம்மாள் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். உயரம் நாலு அடி எட்டு அங்குலம். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபோது செருப்பு இரண்டும் தரையைத் தொடவில்லை. ஆனால் குரல் இருக்கிறதே, அது ஒரு ஆஸ்பத்திரியையே கட்டி நிறுத்துகிற குரல்.

அவர் கல்யாணமாகிப் போன வீடு நெட்டை வீடு. மாமியார் ஐந்தே முக்கால் அடி, நாத்தனார் அதற்கும் மேலே, கணவர் சொல்லிவைத்தாற்போல ஆறடி. சமையல் மேடை மாமியார் கட்டியது, மாமியார் உயரத்துக்கு. இருபத்திரண்டு வருடமாக ஆபரேட்டர் அம்மா ஒரு மரப்பலகைமேல் ஏறி நின்றுதான் சமைக்கிறார். வெங்காயம் நறுக்கும்போது தோள்பட்டை காது வரைக்கும் ஏறும். படுத்தால் கை மரத்துப்போகும். இரண்டு தடவை பலகை சறுக்கி விழுந்திருக்கிறார்; அதில் ஒரு தடவை கையில் வெந்நீர்ப் பாத்திரம் இருந்தது. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார், நாத்தனாரும் கல்யாணமாகிப் போய்விட்டார். மேடை மட்டும் அசையாமல் அங்கேயே இருக்கிறது.

இப்போது தன் சேமிப்பை எடுத்து, ரெடிமேடாகப் பெட்டி பெட்டியாகச் செய்து சுவரில் பொருத்தித் தருகிறார்களே, அந்த மாதிரிச் சமையலறை ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். முன்பணமும் கட்டியாகிவிட்டது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மேடை தரையிலிருந்து முப்பது அங்குலம்தான் இருக்க வேண்டும்.

கடைக்காரர்கள் கொடுத்த விலைத்தாளை மேசைமேல் வைத்தார். கனமான காகிதம், தங்க எழுத்து. 'கனவுச் சமையலறை, முழு பேக்கேஜ், எண்ணிக்கை ஒன்று.' பக்கத்தில் ஆறு இலக்கத்தில் ஒரு தொகை. கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு. ஒரு ஊசி வாங்கினால்கூட இதைவிடப் பெரிய பில் கொடுப்பார்கள்.

விவரம் கேட்டு நாலு தடவை நடந்திருக்கிறார். முதல் தடவை, சிஸ்டத்தில் அப்படி வராது என்றார்கள். இரண்டாவது தடவை, மேனேஜர் லீவு. மூன்றாவது தடவை ஒரு காலண்டர் கொடுத்து அனுப்பினார்கள். நாலாவது தடவை, 'உங்க வீட்டு சாருக்கு எல்லாம் தெரியும் மேடம், நீங்க கவலைப்படாதீங்க' என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவரை எங்கள் மாடிப்படி ஏற வைத்தது. நாளைக் காலை எட்டு மணிக்குப் பலகை அறுக்க ஆரம்பிக்கிறார்களாம். அதற்குள் கையெழுத்து வேண்டுமாம்.

"விலை ஜாஸ்தின்னு நான் வரல மேடம்," என்றார். "எனக்குன்னு வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணு வாங்கறேன். அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

மேடம் ஒரு சம்பந்தமில்லாத கேள்வி கேட்டார். வீட்டில் சமீபத்தில் வேறு ஏதாவது மாறியிருக்கிறதா? அம்மாள் யோசித்தார். பெரிதாக ஒன்றுமில்லை. லைப்ரரியனாக இருந்த கணவர் மூன்று மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். அப்புறம் ஒரு சின்ன எரிச்சல்: தினமும் ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால், சமையலறைப் பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இவர் கீழே போடுவார். மறுநாள் மறுபடியும் சுவரில் நிற்கும். கணவர் தரை பெருக்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

மேடம் இதை எழுதிக்கொண்டார். இதைப் போய் எழுதுவார்களா என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

கீழே கண்ணாடிக் கடை வாசலில் ஒரு நெட்டை மனிதர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர்தான் கணவராம். துப்பறிகிறவர்களிடம் போகிறேன் என்று சொன்னால் சிரிப்பார் என்று, கண் டெஸ்ட் என்று சொல்லி வந்திருக்கிறார் இந்த அம்மாள். மேடம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"அவர் விரல்ல என்ன?"

"பிளாஸ்டர். புத்தக அட்டை கிழிச்சிடுச்சாம்."

"லைப்ரரியில இருந்த முப்பது வருஷத்துல எத்தனை தடவை கிழிச்சிருக்கு?"

ஆபரேட்டர் அம்மா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "ஒரு தடவைகூட இல்ல."

மேடம் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு அம்மாள் போனில் கணவரைக் கூப்பிட்டு, கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள், மூன்று மணி நேரம் ஆகும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றார். மனைவியை மூன்று மணி நேரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னால் கணவர்கள் ஒரு பேச்சுக்காவது மறுப்பார்கள். இவர் சந்தோஷமாகவே ஸ்கூட்டரை உதைத்தார்.

ஷோரூமுக்கு அம்மாளைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் போனோம். மேடம் அக்கா, நான் தம்பி, அக்காவுக்குச் சமையலறை வாங்க வந்திருக்கிறோம் என்று ஏற்பாடு. உள்ளே வரிசையாக ஆறு சமையலறைகள். எதிலும் இதுவரை யாரும் வெந்நீர்கூட வைத்ததில்லை. ஒரு கூடை நிறைய பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம். டை கட்டிய ஓர் ஆள் வந்து தன்னை டிசைன் ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். என்ன விலை என்று நாங்கள் வாயெடுக்கும் முன்னால் 'கனவு' என்ற வார்த்தையை ஏழு தடவை சொல்லிவிட்டார், நான் எண்ணினேன்.

மேடம் தன் வீட்டு அளவு என்று ஆபரேட்டர் அம்மாவின் அளவையே கொடுத்தார். ஒரு சுவர் பத்து அடி, அதோடு மூலையில் சேருகிற இன்னொரு சுவர் எட்டு அடி. டை கட்டியவர் கால்குலேட்டரைத் தட்டினார். பதினெட்டு அடி, அடிக்கு இவ்வளவு, ஆக மொத்தம் இவ்வளவு. காரில் இருக்கும் விலைத்தாளில் உள்ள அதே தொகை, கடைசி இலக்கம் வரைக்கும்.

"இதுல ஒரு டிராயர் வேண்டாம்னா எவ்வளவு குறையும்?" என்றார் மேடம்.

"குறையாது மேடம். இது பேக்கேஜ்."

"ஒரு டிராயர் கூடுதலா வேணும்னா?"

டை கட்டியவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, கால்குலேட்டரைத் தொடவில்லை, மூச்சுகூட விடவில்லை. டிராயரின் விலையைச் சில்லறையோடு சொன்னார்.

"அப்போ டிராயருக்கு விலை இருக்கு."

"சேர்க்கறப்போ இருக்கு மேடம்," என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆள்மேல் ஒரு மதிப்பே வந்துவிட்டது. ஆறு வருடம் ஃபில்டர் விற்றும் எனக்கு இப்படி ஒரு பதில் தோன்றியதில்லை. ஆனால் மேடம் என் காதருகே வேறு ஒன்று சொன்னார். பெட்டிகள் சுவரிலிருந்து இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூலையில் இருக்கிற அந்த இரண்டடி, பத்தடிச் சுவரிலும் வருகிறது, எட்டடிச் சுவரிலும் வருகிறது. இருப்பது ஒரே மூலை. பதினாறு அடிச் சமையலறையைப் பதினெட்டு அடி என்று விற்கிறார்கள். இரண்டடிக் காற்றுக்குப் பெட்டி விலை போட்டிருக்கிறார்கள்.

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றேன், வெளியே வந்ததும்.

மேடத்துக்குக் கேஸ் முடியவில்லை. மூலைக் கணக்கு ஊரில் பாதிக் கடை போடுகிற கணக்குத்தான். அதற்காக ஒரு வாடிக்கையாளரை நாலு தடவை திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்றார். இவர்கள் மறைப்பது வேறு ஏதோ. பட்டியலே கிடையாது என்கிறார்கள். சரி, ரம்பம் பிடிக்கிறவனிடம் போய் ஒரு பேக்கேஜை அறு என்று சொல்ல முடியுமா? எத்தனை துண்டு, எந்தத் துண்டு எவ்வளவு நீளம் என்று யாரோ ஒருவர் எங்கேயோ எழுதித்தானே ஆக வேண்டும்?

அந்த எங்கேயோ எங்கே என்று கண்டுபிடித்தது அடியேன். ஷோரூமின் பின்பக்கம் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது, டயரெல்லாம் மரத்தூள். டிரைவர் ஒற்றை ஆளாக ஒரு அலமாரிக் கதவை இறக்கத் திணறிக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். கதவு தரைக்கு வருவதற்குள் பட்டறை விலாசம் என் கைக்கு வந்துவிட்டது. முதுகு பிடித்துக்கொண்டது தனிக்கதை.

பட்டறை ஒரு சந்தின் கோடியில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. காதில் பென்சில் செருகிய மேஸ்திரி ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்தார். இங்கே வேஷம் எதுவும் தேவைப்படவில்லை. நான்தான் அந்தச் சமையலறைக்கு ஆர்டர் கொடுத்தவள், பார்த்துவிட்டுப் போகலாமா என்று ஆபரேட்டர் அம்மா கேட்டார். மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். பதினைந்து வருடத்தில் வாடிக்கையாளர் என்று ஒருவர் பட்டறைக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவையாம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

பட்டறை இவருக்குச் சொந்தம். ஷோரூமுக்குச் செய்து கொடுத்துக் காசு வாங்குகிறவர். சுவரில் ஆணியில் குத்தி வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். நாற்பத்து மூன்று வரி. ஒவ்வொரு பலகை, ஒவ்வொரு கீல், ஒவ்வொரு கைப்பிடி, எதிரே நீளம், அகலம், உயரம், விலை.

"இப்படிப் பிரிச்சு எழுதுவீங்களா எப்பவும்?" என்று மேடம் கேட்டார்.

"பின்னே என்னம்மா. ஒரு ஸ்க்ரூ விட்டுப்போனாலும் ஷோரூம்காரங்க பில்லைப் பாஸ் பண்ண மாட்டாங்க. மொத்தமா ஒரு விலை போட்டா நாங்க எப்படி நம்பறதுன்னு கேப்பாங்க."

மேடம் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது இரண்டு தடவைதான். இது இரண்டாவது.

நாங்கள் இருவரும் விலைப் பத்தியில் மூழ்கிவிட்டோம். மூலைப் பெட்டி ஒன்றே ஒன்று என்று அதில் பளிச்சென்று எழுதியிருந்தது. ஆனால் ஆபரேட்டர் அம்மாவின் விரல் விலைப் பத்திக்கே வரவில்லை. உயரப் பத்தியிலேயே நின்றது.

"பெட்டி எவ்வளவு உயரம்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"முப்பத்தொண்ணும்மா. கீழ கால் நாலு. மேல கல் ஒண்ணு."

அவர் உதட்டை அசைத்துக் கூட்டினார். முப்பத்தாறு. முப்பது கேட்டவருக்கு முப்பத்தாறு. மாதிரிக்காக ஒரு பெட்டியை மட்டும் முதலில் செய்து, காலும் பொருத்தி, ஒரு கல்துண்டை மேலே வைத்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அம்மாள் அதன் முன்னால் போய் நின்றார். வெங்காயம் நறுக்குவதுபோல இரண்டு கையையும் கல்மேல் வைத்தார். தோள்பட்டை இரண்டும் காதுக்கு ஏறின.

"இது எங்க மாமியார் மேடை," என்றார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அளவுக்குச் செய்தால் மெனக்கெட வேண்டும் என்று ஷோரூம்காரன் ரெடி அளவையே தலையில் கட்டப் பார்த்திருக்கிறான், அதை மறைக்கத்தான் இந்தப் பேக்கேஜ் நாடகம் என்று பொரிந்து தள்ளினேன். மேஸ்திரி அப்படியில்லை தம்பி என்று ஒரு ஃபைலைத் தேடி எடுத்தார். முதலில் வந்த ஆர்டரில் பெட்டி உயரம் சரியாகத்தான் இருந்தது, இருபத்தைந்து. நாலும் இருபத்தைந்தும் ஒன்றும் முப்பது. எட்டு நாள் கழித்து ஒரு திருத்தச் சீட்டு வந்திருக்கிறது. 'பெட்டி உயரம் 31 ஆக மாற்றவும். விவரப் பட்டியலை வீட்டம்மாவிடம் காட்ட வேண்டாம்.' கீழே வாடிக்கையாளர் கையெழுத்து, தேதி. கடைசி வரி ஷோரூம்காரர்களுக்கு எழுதியது, எனக்கில்லை என்றார் மேஸ்திரி.

மேடம் சீட்டைப் படித்தார். அப்படியே அம்மாளிடம் நீட்டினார்.

ஆபரேட்டர் அம்மா கையெழுத்தைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்த்தார். "ஏழுக்கு நடுவுல கோடு," என்றார் மெதுவாக. "புத்தக நம்பர் எழுதி எழுதிப் பழக்கம். இது அவர்தான்."

போச்சுடா என்று ஆகிவிட்டது எனக்கு. இவ்வளவு நேரம் குற்றவாளியை டை கட்டிய ஆளிடம் தேடிக்கொண்டிருந்தோம். அவனோ எங்கள் மாடிக்குக் கீழே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருக்கிறான்.

அம்மாள் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அந்த வீட்ல எல்லாரும் நெட்டை. நான்தான் ஏறி நின்னேன். சரின்னு விட்டேன். இப்போ என் காசுல கட்டறதுலயும் நான் ஏறித்தான் நிக்கணுமா?" அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கணவர் மட்டும் அங்கே இருந்திருந்தால் ஆறடி என்றும் பார்க்காமல் நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

மேஸ்திரிதான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் சொன்னார். "கவலைப்படாதம்மா. நாளைக்குக் காலைலதான் மிச்சத்தை அறுக்கறேன். இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள எந்த உயரம்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

கிளம்புவதற்கு முன்னால் நான் ஷோரூமுக்கு ஒரு போன் போட்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வரியை முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்தேன். ஒன்பதாவது வரியில் டை கட்டியவர், சார் எங்கேயிருந்து பேசறீங்க என்று கேட்டார். பத்தே நிமிடத்தில் அவர்களுடைய சிஸ்டம் பட்டியல் போடக் கற்றுக்கொண்டுவிட்டது. வரி வரியாக விலை வந்தது, அந்த இரண்டடிக் காற்று காணாமல் போயிருந்தது. 'சாஃப்ட்வேர் கோளாறுக்கு வருந்துகிறோம்' என்று கீழே ஒரு வரி வேறு. மேடை உயரக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அனுப்பச் சொல்லியிருந்தேன். வழியில் ஒரு கடையில் அதை அச்செடுத்துக்கொண்டோம்.

காரில் போகும்போது நான் என் ஊகத்தைச் சொன்னேன்: வீட்டை விற்கப்போகிறார், வாங்குகிறவர்களுக்குத் தோதாக இருக்கட்டும் என்று மேடையை உயர்த்தியிருக்கிறார். மேடம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பெல் அடிக்க வேண்டாம், சாவி போட்டே திறங்கள் என்று அம்மாளிடம் சொன்னார்.

மணி நாலரை. கதவைத் திறந்ததும் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியது. சமையலறையில் அந்த ஆறடி மனிதர், மனைவியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு அது தொப்புள் வரைக்கும்தான் வந்தது. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் லைப்ரரி முத்திரை குத்திய சமையல் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் அடையாளச் சீட்டு. பலகை சுவரில் சாய்ந்து நின்றது.

"உயரமானவருக்குப் பலகை கால் தடுக்கும். அதான் தினமும் எடுத்து வெச்சிருக்கார்," என்றார் மேடம். "விரலைக் கிழிச்சது புத்தகம்தான். ஆனா அட்டை இல்ல, உள்ள இருக்கற பாடம்."

மனிதர் கரண்டியைக் கீழே வைத்தார். மூன்று பேரையும் பார்த்தார், மனைவியின் கையில் இருந்த திருத்தச் சீட்டையும் பார்த்தார். ஸ்கூல் பையன் மாதிரி முகம் சுருங்கிப் போயிற்று.

"நான் ரிட்டயர் ஆயிட்டேன். உனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு," என்றார் மனைவியிடம். "இருபத்திரண்டு வருஷம் நீ நின்னது போதும். இனிமே இந்த வீட்டுச் சமையல் என் பொறுப்பு. எல்லாம் மாட்டி முடிச்ச அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நான் நிக்கப்போற மேடைன்னுதான் என் உயரத்துக்கு மாத்தினேன்."

பட்டியல் மனைவி கையில் கிடைத்தால் உயரம் தெரிந்துவிடும், ரகசியம் உடைந்துவிடும் என்று ஷோரூமில் கேட்டுக்கொண்டாராம். அவர்களும், அதற்கென்ன சார், நாங்கள் எப்போதுமே யாருக்கும் காட்டுவதில்லை என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்களாம்.

ஆபரேட்டர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டறையில் வராத கண்ணீர் இப்போது வந்தது. துடைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவரிடம் 'போதும்' என்று சொன்னதில்லை என்பது எனக்கே புரிந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் சுபம் என்று நான் எழுந்தேன். மேடம் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார் மனைவி.

"சத்தியமா."

"அப்போ பிரிச்சுச் சொல்லுங்க."

"எதை?"

"சமையலைத்தாங்க." தங்க எழுத்து விலைத்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கோடு போட்டார். ஏழு நாள், நாளைக்கு மூன்று வேளை. "திங்கள் காலைல?"

காலையா? நீ ஆறரைக்கு வேலைக்குக் கிளம்புகிறாய், நான் எழுவது எட்டு மணிக்கு என்றார் கணவர். அது நியாயம்தான், ஏழு நாள் காலை வேளையும் போயிற்று. திங்கள் மதியம்? திங்கள், புதன், வெள்ளி மதியம் செஸ் கிளப். மற்ற நாள் மதியத்துக்கு முந்தின நாள் மீதி இருக்குமே, சூடு பண்ணிக்கொண்டால் போதாதா? மீதி ஆகிறதுக்கு முந்தின நாள் யார் சமைப்பார்கள் என்று மனைவி கேட்டார். அவர் அடுத்த கட்டத்துக்குத் தாவினார். ராத்திரி ஏழு மணிக்குச் செய்தி, தினமும் அதை விட முடியாது. சனிக்கிழமை நண்பர்கள் வருவார்கள், வருகிற அன்றைக்குப் பரீட்சை செய்து பார்க்க வேண்டாம், நீயே செய்துவிடு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருந்தது. காய் வாங்குவது, பாத்திரம் கழுவுவது, அடுப்பு துடைப்பது என்று கீழே மூன்று வரி எழுதியதும் மனிதர் நிஜமாகவே திடுக்கிட்டார்.

"அதெல்லாம் இதுல வருமா?" என்றார்.

மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

கடைசியில் மூன்று கட்டத்தில் டிக் விழுந்தது. செவ்வாய் ராத்திரி, வியாழன் ராத்திரி, ஞாயிறு மதியம். அம்மாள் பேனா நுனியால் ஒரு தடவை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். கோபமே இல்லை முகத்தில். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் வருகிற போன்களை எந்த வார்டுக்கு என்று பிரித்து அனுப்புகிறவர் அப்படித்தான் இருப்பார்.

"இந்த மூணும் கட்டாயம். கையெழுத்துப் போடுங்க," என்றார்.

போட்டார். ஏழுக்கு நடுவில் கோடு போட்டு, தேதியும் போட்டார். அதன் பிறகு அம்மாள் ஷோரூம் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, காலியாக இருந்த உயரக் கட்டத்தில் முப்பது என்று எழுதினார்.

கணவர் குனிந்து பார்த்தார். "அப்போ நான் குனிஞ்சுல்ல நிக்கணும்?"

"ஆமாங்க," என்றார் மனைவி. "வாரத்துல மூணு வேளை நீங்க குனிஞ்சுக்கங்க. மத்த பதினெட்டு வேளை நான் நேரா நின்னுக்கறேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஸ்திரிக்குப் போன் போடச் சொன்னார்.